அடையாறியம் எங்கே?

தனிமங்களின் அவையிலே இன்று 118 இருக்கைகள். முதல் இருக்கையில் ஹைட்ரஜன். இறுதி இருக்கையில் ஒகனெசான். அந்த அவையிலே ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் தாங்கி வீற்றிருப்போர் பலர். ஜெர்மனிக்கு ஜெர்மானியம், போலந்துக்குப் பொலோனியம், பிரான்சுக்குப் பிரான்சியம், ஜப்பானுக்கு நிகோனியம். சுவீடன் நாட்டிலே இட்டர்பி என்றொரு சிற்றூர். அந்தச் சிற்றூரின் பெயரிலே மட்டும் நான்கு தனிமங்கள்!

சென்னைக்கு ஓர் இருக்கை உண்டா? "உண்டு" என்கிறது ஒரு நூல். அடையாற்றங்கரையிலே வெளியிடப்பட்ட நூல். அது கூறும் தனிமத்தின் பெயர் அடையாறியம். 1932-ஆம் ஆண்டில், அடையாற்றின் காற்றிலே அதனைக் கண்டோம் என்கிறார்கள். ஹைட்ரஜனை அடுத்து, ஹீலியத்துக்கு முன்னால் அதற்கு இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: ஹைட்ரஜனின் அணு எண் என்ன? ஒன்று. ஹீலியத்தின் அணு எண்? இரண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ள முழு எண் எது? பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்களில் சிந்திய நூறாண்டு வியர்வை இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பிள்ளையிடமிருந்து எவரும் பறித்துவிடக் கூடாதே என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

நூலும் நூலோரும்

நூலின் பெயர் ‘ஆக்கல்ட் கெமிஸ்ட்ரி’. மறைபொருள் வேதியியல் என்று தமிழில் சொல்லலாம். எழுதியோர் இருவர்: அன்னி பெசன்ட், சி. டபிள்யூ. லெட்பீட்டர். 1895-இல் இலண்டன் இதழொன்றில் கட்டுரையாக முளைத்தது. 1907-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரையடுத்த ஊரொன்றில் தங்கிச் செய்த ‘ஆய்வால்’ வளர்ந்தது. 1908-இல் அடையாற்றிலிருந்து நூலாக வந்தது. 1919-இல் சின்னெட் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு; 1951-இல் ஜினராஜதாசர் முயற்சியால், அடையாற்றுத் தியசாபிகல் பதிப்பகத்தின் வாயிலாக, விரிவான மூன்றாம் பதிப்பு. கையேடு போலச் சிறிதாக அச்சிட்டு மறந்துவிட்ட நூலன்று அது. தலைமுறைதோறும் புதுப்பித்துப் போற்றப்பட்ட நூல்.

அன்னி பெசன்ட் யார்? பகுத்தறிவாளர் இதழில் இந்தக் கேள்விக்கு நேர்மையோடு விடை சொல்ல வேண்டும். பிராட்லாவின் தோழர். கடவுள் மறுப்பை மேடைதோறும் முழங்கியவர். கருத்தடை பற்றிய நூலை வெளியிட்ட குற்றத்துக்காக 1877-இல் பிராட்லாவோடு நீதிமன்றத்திலே நின்றவர். 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றவர். வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்துத் தின்ற தொழிற்சாலை அது. அந்தப் பாஸ்பரஸின் கொடுமைக்குச் சான்று கேட்டால், அரிக்கப்பட்ட தாடையைக் காட்டலாம், எவரும் பார்க்கலாம். அப்படிப்பட்டவர் 1889-இல் தியசாபி சங்கத்திலே சேர்ந்தார். 1907-இல் அதன் தலைவரானார். அதே பாஸ்பரஸைப் பின்னர் ஞானக்கண்ணால் ‘பார்த்து’ வடிவம் வரைந்தார். முன்னதை எவரும் பார்க்கலாம். பின்னதை அவரும் அவர் துணைவரும் மட்டுமே பார்க்கலாம். இரண்டு பெசன்ட்டுகளுக்கும் இடையிலே உள்ள தொலைவு இதுதான்.

சென்னையிலே 1882-இல் ‘தத்துவ விவேசினி’ என்ற சுயசிந்தனையாளர் இதழ் பிறந்தது. பிராட்லாவின் இயக்கத்தைக் கண்டு ஊக்கம் பெற்ற இதழ். அதே 1882-இல்தான் தியசாபி சங்கத்தின் தலைமையகமும் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரு பாதைகள்!

ஹோம் ரூல் இயக்கத்தை அவர் அடையாற்றிலிருந்து நடத்தியதும், 1916 முதல் நீதிக் கட்சித் தலைவர்கள் அதனை எதிர்த்ததும் வேறு கணக்கு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து கூட்டவேண்டியதில்லை. அரசியலில் மாறுபட்டார் என்பதற்காக ஒருவருடைய வேதியியலைத் தள்ளுவது பகுத்தறிவு ஆகாது. நூலை நூலாகவே எடைபோடுவோம்.

நூல் சொல்வது என்ன?

பொருளின் கடைசித் துகளுக்கு நூலோர் இட்ட பெயர் ‘அணு’. நம் சொல்தான்! ஹைட்ரஜனுக்குள்ளே இத்தகைய துகள்கள் 18 என்று எண்ணினார்களாம். நைட்ரஜனில் 261, ஆக்சிஜனில் 290. எந்தத் தனிமத்தின் எண்ணிக்கையையும் 18-ஆல் வகுத்தால் அதன் அணு எடை வரும் என்பது நூலின் நடுநாயகமான கணக்கு.

வகுத்துப் பார்ப்போம். ஆக்சிஜன்: 290-ஐ 18-ஆல் வகுக்க 16.11. வேதியியலார் கண்டது ஏறத்தாழ 16. அருகில் இருக்கிறதே என்று வியக்கத் தோன்றும். நைட்ரஜன்: 261-ஐ 18-ஆல் வகுக்க 14.5. தராசு சொல்வதோ 14.01. அரை அலகு பிழை! நைட்ரஜனின் எடையை அரை அலகு தவறாகச் சொல்லும் மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஞானக்கண்ணுக்கு மட்டும் கிடைக்கவேண்டுமா? இன்னொன்றும் கவனிக்க: ஆக்சிஜனின் எடை, நைட்ரஜனின் எடை ஆகியவை 1895-க்கு முன்பே பாடநூல்களில் அச்சாகியிருந்தன. அச்சான விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதற்கு ஞானக்கண் எதற்கு?

1908-இல் தாம் ஆராய்ந்ததாக நூலோர் கூறுவது, வேதியியல் அறிந்த 57 தனிமங்களை. அவற்றோடு வேதியியல் அறியாத சிலவும் சேர்ந்தன. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் இடையே எடை 3 உடைய ‘அக்கல்டம்’. செனானுக்கும் ஆஸ்மியத்துக்கும் இடையே ‘காலான்’, ‘மெட்டா காலான்’. நான்கு மந்த வளிகளுக்கு மெட்டா நியான் முதலிய இரட்டைகள். பிளாட்டினத்துக்கு ஒரு மறுவடிவம். ஆகமொத்தம் 65. பின்னால் 1932-இல் வந்து சேர்ந்தது நம் ஊர்ப் பிள்ளை அடையாறியம்: 36 துகள், 18-ஆல் வகுத்தால் எடை 2.

கண்டது அணுவையா, சுவரில் தொங்கிய படத்தையா?

நூலின் உயிர்நாடி, தனிமங்களை வடிவத்தால் வகைப்படுத்தியது. சிலவற்றுக்கு முள் வடிவம். சிலவற்றுக்கு உடற்பயிற்சியார் தூக்கும் இருதலைக் குண்டின் வடிவம். சிலவற்றுக்கு நான்முகம், கனசதுரம், எண்முகம். மந்த வளிகளுக்கு விண்மீன் வடிவம். அழகான படங்கள், உழைத்து வரைந்திருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆயினும் எந்த வடிவத்தில் எவையெவை அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

முள் வடிவத்திலே: லித்தியம், பொட்டாசியம், ரூபிடியம், புளோரின், மாங்கனீசு. குண்டு வடிவத்திலே: சோடியம், செம்பு, வெள்ளி, தங்கம்; அவற்றோடு குளோரின், புரோமின், அயோடின்.

வேதியியல் பயின்ற எவருக்கும் இந்தப் பட்டியல் வயிற்றைக் கலக்கும். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் உடன்பிறந்தவை. மூன்றும் கத்தியால் நறுக்கக்கூடிய மென்மையான உலோகங்கள்; மூன்றும் தண்ணீரோடு சண்டையிடும்; மூன்றும் தமது வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரானை வைத்துக்கொண்டு அதனைக் கொடுத்துவிடத் துடிக்கும். அந்த எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றல், ஒரு மோலுக்குக் கிலோஜூல் கணக்கில், லித்தியத்துக்கு 520, சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419. மேலிருந்து கீழே வர வர அணு பெருக்கிறது, வெளி எலக்ட்ரான் கருவைவிட்டு விலகுகிறது, பிடி தளர்கிறது. ஒரே தொகுதி, ஒரே போக்கு. அந்தத் தொகுதியின் நடுப்பிள்ளையாகிய சோடியத்தை மட்டும் பிடித்திழுத்துத் தங்கத்தின் பக்கத்திலே உட்கார வைக்கிறது இந்நூல்!

தங்கத்தை அறியாதவரா நாம்? நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய நகரிலே, உஸ்மான் சாலையிலே, கண்ணாடிப் பேழைக்குள் நின்று சிரிக்கிறதே, அந்தத் தங்கம். மழையில் நனைந்தாலும் மாறாது. வியர்வை பட்டாலும் கருக்காது. உருகவேண்டுமானால் 1064 பாகை வெப்பம் வேண்டும். அதன் எலக்ட்ரானைப் பிடுங்க 890 கிலோஜூல். சோடியமோ 98 பாகையிலே உருகிவிடும். திறந்து வைத்தால் காற்றே அதனைத் தின்றுவிடும் என்று மண்ணெண்ணெய்க்குள் மூழ்கவைத்துக் காக்கிறார்கள். சோடியத்திலே தாலி செய்து அணிய முடியுமா? இரண்டும் ஒரே வடிவம், ஒரே குலம் என்று சொல்லும் நூல், இரண்டின் பண்புக்கும் என்ன விளக்கம் தரும்?

இன்னும் பெரிய விந்தை, சோடியமும் குளோரினும் ஒரே வடிவம் என்பது. ஒன்று கொடுக்கத் துடிப்பது. மற்றொன்று பறிக்கத் துடிப்பது. குளோரினிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 1251 கிலோஜூல் வேண்டும். வரிசையில் இடமிருந்து வலம் செல்லச் செல்லக் கருவின் மின்சுமை ஏறுகிறது, அணு சுருங்குகிறது, எலக்ட்ரான் மீதுள்ள பிடி இறுகுகிறது. வரிசையின் இடக்கோடியில் கொடையாளி, வலப்பக்கத்தில் பறிப்பாளி, இருவரும் சந்தித்தால் பிறப்பது நம் வீட்டு உப்பு. உப்பு ஏன் உப்பாக இருக்கிறது என்பதையே சொல்ல முடியாத வேதியியல், பிரபஞ்ச இரகசியத்தைச் சொல்லிவிடுமாம்!

சரி; இத்தனை பெரிய பிழை எப்படி நேர்ந்தது? இங்கேதான் இருக்கிறது இந்நூலின் மெய்யான மறைபொருள்.

மெண்டலீவ் 1871-இல் வெளியிட்ட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எட்டுத் தொகுதிகளாக மடித்துச் சுருக்கிய அட்டவணை அது. முதல் தொகுதியில் லித்தியம், சோடியம், பொட்டாசியம், செம்பு, ரூபிடியம், வெள்ளி, சீசியம், தங்கம் ஆகிய யாவும் ஒரே நிரலிலே நிற்கும். ஏழாம் தொகுதியில் புளோரின், குளோரின், மாங்கனீசு, புரோமின், அயோடின் ஆகிய யாவும் ஒரே நிரலிலே நிற்கும். கிடைவரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண் உண்டு. இரட்டை எண் வரிசைகளிலே நிற்பவை: லித்தியம், பொட்டாசியம், ரூபிடியம், மறுகோடியில் புளோரின், மாங்கனீசு. ஒற்றை எண் வரிசைகளிலே நிற்பவை: சோடியம், செம்பு, வெள்ளி, தங்கம், மறுகோடியில் குளோரின், புரோமின், அயோடின்.

மேலே சொன்ன முள் பட்டியலையும் குண்டுப் பட்டியலையும் இதனோடு பொருத்திப் பாருங்கள். ஒரு பெயர் கூடப் பிசகவில்லை! இரட்டை வரிசைக்கு முள். ஒற்றை வரிசைக்குக் குண்டு. அந்தக் காலத்தில் இந்த ஏற்பாட்டை ஊசலாடும் வளைகோடாகச் சர் வில்லியம் குரூக்ஸ் வரைந்து காட்டியிருந்தார். நூலோர் பின்பற்றியதாக அவர்களே சொல்வதும் குரூக்ஸின் வளைகோட்டைத்தான். ஊசல் ஒருமுறை இப்படி, மறுமுறை அப்படி.

அந்தச் சுருக்க அட்டவணையிலே தங்கமும் சோடியமும் ஒரே நிரலில் நின்றது, இயற்கை அப்படி நிறுத்தியதாலன்று. அணுவின் உள்ளமைப்பு தெரியாத காலத்தில், காகிதத்தில் எட்டு நிரல்தான் போட்டிருந்தார்கள், அதனால் நின்றது. பின்னர் அட்டவணையை விரித்து 18 தொகுதிகளாக்கினார்கள். செம்பும் வெள்ளியும் தங்கமும் 11-ஆம் தொகுதிக்குச் சென்றன. மாங்கனீசு 7-ஆம் தொகுதிக்கும், புளோரினும் குளோரினும் 17-ஆம் தொகுதிக்கும் சென்றன. அச்சுக் காகிதத்தின் மடிப்பு நீங்கிற்று. ஆனால் அந்த மடிப்பை அணுவுக்குள்ளேயே கண்டதாக எழுதிவைத்துவிட்டார்களே, அவர்கள் என் செய்வார்கள்!

ஞானக்கண் அணுவைக் காணவில்லை, தோழர்களே! அந்தக் காலத்துச் சுவரிலே தொங்கிய அட்டவணையைக் கண்டது. அதன் பிழையையும் சேர்த்தே கண்டது.

மோஸ்லி என்னும் இளைஞன்

நூல் வெளிவந்து ஐந்தாண்டு கழிந்தது. 1913-இல் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞன், தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தான். தனிமத்துக்குத் தனிமம் அது படிப்படியாக, ஒழுங்காக ஏறுவதைக் கண்டான். ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு எண். அதுவே அணு எண். எடையில் ஆர்கானைவிடப் பொட்டாசியம் இலேசாயினும் ஆர்கானுக்குப் பின்னே பொட்டாசியம் நிற்பது ஏன் என்ற பழைய குழப்பம் தீர்ந்தது: ஆர்கான் 18, பொட்டாசியம் 19. எங்கே காலியிடம் இருக்கிறது, எங்கே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்லும் வன்மை அட்டவணைக்கு அன்றுதான் வந்தது. முதல் உலகப் போரில், 1915-இல், கலிப்போலிப் போர்க்களத்திலே அந்த இளைஞன் தன் 27-ஆம் வயதில் குண்டடிபட்டு மாண்டான். அவன் மறைந்தான், அவன் வைத்த அளவுகோல் நிலைத்தது.

அந்த அளவுகோலை நூலின்மேல் வைப்போம். அக்கல்டத்துக்கும் அடையாறியத்துக்கும் 1-க்கும் 2-க்கும் நடுவிலே இடமில்லை. காலான் என்னும் மந்த வளியோ செனானுக்கு அப்பால், எடை 169 அளவிலே இருப்பதாம். செனானின் எண் 54. அடுத்த மந்த வளி ரேடான், எண் 86. இடையிலே எந்த மந்த வளிக்கும் இருக்கை இல்லை. எடை 169-இல் உட்கார்ந்திருப்பது தூலியம் என்னும் உலோகம். பழைய அட்டவணையிலோ அந்தப் பகுதி வெற்றிடங்கள் மலிந்த பகுதி. மந்த வளிகளின் நிரலிலே செனானுக்குக் கீழும் வெற்றிடமே. அந்த வரிசை 32 தனிமங்கள் கொண்ட நெடுவரிசை என்பது அன்று தெரியாது. அன்றைய வெற்றிடமே ஞானக்கண்ணுக்குத் தனிமமாகக் காட்சி தந்தது போலும்!

1951-ஆம் ஆண்டுப் பதிப்பிலே மசூரியம், இல்லினியம் என்ற பெயர்களும் காணப்படுகின்றன. 43-ஆம், 61-ஆம் இருக்கைகளுக்கு 1920-களில் உரிமை கொண்டாடி, பின்னர் நிலைபெறாது போன பெயர்கள் இவை. 43-ஐ 1937-இல் பெர்ரியரும் செக்ரேயும் மெய்ப்பித்தார்கள், அது டெக்னீசியம். 61 1945-இல் அமெரிக்காவிலே மெய்ப்பிக்கப்பட்டது, அது புரொமித்தியம். வேதியியலார் தவறியபோது ஞானக்கண் திருத்தியிருக்க வேண்டாமா?

எதிர்வழக்கையும் கேட்போம்

நூலுக்குச் சார்பாகச் சொல்லப்படும் வலுவான வாதத்தை மறைக்கலாகாது. மெட்டா நியான் என்பதை எடை 22.33 என்று இவர்கள் 1908-இலேயே எழுதினார்கள். 1913 வாக்கில் ஜே. ஜே. தாம்சனும் ஆஸ்டனும் நியானில் எடை 22 உடைய ஒரு வகை இருப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். ஆஸ்டன் அதற்கு மெட்டா நியான் என்ற பெயரையே இந்நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். இது மெய். "பார்த்தீரா! ஐசோடோப்பை முன்கூட்டியே கண்டவர்கள்!" என்பர் அன்பர்கள்.

பார்த்தோம். மெட்டா நியான் எப்படி வந்தது? நியானின் 360 துகளோடு 42-ஐக் கூட்டி 402. ஆர்கானின் 714-ஓடு அதே 42-ஐக் கூட்டி மெட்டா ஆர்கான் 756. அதாவது எடை 42. கிரிப்டானுக்கும் அதே 42. செனானுக்கும் அதே 42. இல்லாத காலானுக்கும் அதே 42! நிலையான ஆர்கான் வகைகள் எடை 36, 38, 40 உடையவை, 42 அன்று. செனானுக்கு இயற்கையிலே ஒன்பது வகைகள். ஞானக்கண் கண்டது இரண்டே. எல்லா வாசலிலும் ஒரே கல்லை எறிந்தார்கள். ஒரு வாசலிலே மணி ஒலித்தது. ஒலித்த மணியை மட்டும் எண்ணுவது சோதிடரின் கணக்கு; ஒலிக்காதவற்றையும் எண்ணுவதே அறிவியலாரின் கணக்கு.

1980-இல் ஸ்டீபன் பிலிப்ஸ் என்னும் இயற்பியலார், அந்த 18 துகள்கள் குவார்க்குக்கும் உள்ளே இருப்பவை, நூலோர் பார்த்தது இரண்டு ஹைட்ரஜன் கருக்களைச் சேர்த்து என்று பொருள் விரித்தார். செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டும் முயற்சி. குவார்க்குக்குள்ளே துகள் உண்டு என்று இதுவரை எந்த ஆய்வுக்கூடமும் காட்டவில்லை.

கண்ட முறைதான் வேறுபாடு

கண்ணுக்குத் தெரியாததைச் சொன்னதால் நாம் இவர்களைக் குறைகூறவில்லை. மெண்டலீவும் கண்ணுக்குத் தெரியாததைத்தான் சொன்னார். அலுமினியத்துக்குக் கீழே ஒரு தனிமம் இருக்கவேண்டும் என்றார். 1875-இல் பிரான்சு நாட்டு லெக்கோக் அதனைக் கண்டு காலியம் என்று பெயரிட்டார். அடர்த்தி 4.7 என்றார் கண்டவர். "இல்லை, 5.9 இருக்கவேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பாரும்" என்றார் காணாதவர்! அளந்தார், 5.9 வந்தது. சிலிக்கனுக்குக் கீழே எடை 72, அடர்த்தி 5.5 உடைய தனிமம் இருக்கும் என்றார். 1886-இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டார். இன்றைய அளவு: 72.63, 5.32. மெண்டலீவின்மேல் அன்பில்லாதவனும் அளக்கலாம், பகைவனும் அளக்கலாம், விடை ஒன்றே வரும்.

அதே மெண்டலீவ் தமது முதுமையிலே, ஹைட்ரஜனைவிட இலேசான தனிமம் உண்டு, ஈதர் என்பது அதுவே என்று எழுதினார். உலகப் புகழ் பெற்ற பேராசான் சொன்னாரே என்று வேதியியல் ஏற்றுக்கொண்டதா? இல்லை. அவர் அட்டவணையை வைத்துக்கொண்டது. அவர் ஈதரைக் கைவிட்டது. ஆளைப் பார்க்கவில்லை, சான்றைப் பார்த்தது.

சென்னைக்கும் தனிமங்களின் வரலாற்றிலே மெய்யான பங்கு ஒன்று உண்டு. அதனை நம்மவர் அறியார். 1868 ஆகஸ்டு 18-இல் முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலே பிரான்சு நாட்டு ஜான்சென்; மசூலிப்பட்டினத்திலே, நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வகத்தின் போக்சன். நிறமாலைக் கருவியிலே தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு பொருந்தவில்லை என்று குறித்தவர்களுள் போக்சன் ஒருவர். அக்கோட்டுக்கு உரியது ஹீலியம். பூமியிலே அதனை ராம்சே கண்டது 1895-இல். பெசன்ட்டும் லெட்பீட்டரும் முதற் கட்டுரை எழுதினார்களே, அதே 1895! ராம்சே கண்டதை எந்த நாட்டு ஆய்வாளனும் மீண்டும் கண்டான். இன்று பலூனுக்குள் அடைத்துப் பெசன்ட் நகர்க் கடற்கரையிலே விற்கிறார்கள். அடையாறியத்தை ஒரு குப்பியில் அடைத்துத் தருவார் எவரேனும் உண்டா?

ஜப்பானியர் நிகோனியத்துக்குப் பட்ட பாட்டை எண்ணுங்கள். துத்தநாகக் கருவைப் பிஸ்மத்தின்மேல் மோதவிட்டார்கள். 30-உம் 83-உம் சேர்ந்து 113. ஆண்டுக்கணக்கில் மோதவிட்டு, 2004-இல் ஓர் அணு, 2005-இல் ஓர் அணு, 2012-இல் ஓர் அணு. மொத்தம் மூன்றே அணுக்கள்! அவை சிதைந்த தடத்தை அயல்நாட்டு வல்லுநர் துருவித் துருவி ஆராய்ந்த பின்னரே 2016-இல் பெயர் நிலைத்தது. நாட்டுப் பெருமைக்கு நாற்காலி போட அவ்வளவு வியர்வை வேண்டியிருந்தது. அடையாற்றிலே கண்மூடி உட்கார்ந்தால் போதும்!

நமக்கும் ஒரு சொல்

அடையாற்றைப் பார்த்து மட்டும் சிரித்துவிட்டு நிறுத்தினால் நாம் நேர்மையற்றவர். மெண்டலீவ் ‘ஏக அலுமினியம்’, ‘ஏக சிலிக்கன்’ என்று வடமொழி எண்ணுப்பெயரைப் பயன்படுத்தினார். ஆகவே அட்டவணையே பாணினியின் கொடை என்று முழங்குவோர் உண்டு. பாணினியின் தாக்கம் இருந்திருக்கலாம் என்பது கிபார்ஸ்கி என்ற மொழியியலார் முன்வைத்த கருதுகோள், ஆராயத்தக்கது. ஆனால் காலியத்தின் அடர்த்தி 5.9 என்பது எந்த இலக்கண நூலிலிருந்தும் வரவில்லை. அதேபோல், நிலம், நீர், தீ, வளி, வான் என்று ஐம்பூதம் சொன்ன நம் பழந்தமிழர் அணு வேதியியலையே சொல்லிவிட்டனர் என்று நம்மில் ஒருவர் மேடையேறினால், அவரையும் இதே அளவுகோலால்தான் அளக்கவேண்டும். நீர் தனிமமன்று, வளி தனிமமன்று. உலகை ஐந்தாகப் பகுத்தெண்ணிய முயற்சி போற்றத்தக்கது. அதனைத் தனிம அட்டவணை என்பது பொய். நம் பொய் என்பதால் அது இனிக்காது.

2023-இல் ஒன்றிய அரசின் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாட்டுப் பாடத்தை நீக்கியது. பாடச்சுமையைக் குறைக்கிறோம், பதினோராம் வகுப்பிலே இருக்கிறது என்றார்கள். பதினொன்றில் அறிவியல் பிரிவை எடுக்காத பிள்ளைக்கு? வணிகம் படிக்கப்போகும் மகளுக்கு, தொழிற்கல்விக்குப் போகும் மகனுக்கு, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் ஏழைக்கு? அவர்களுக்கு அளவுகோல் வேண்டாமா? சென்னை கல்லூரிச் சாலையில், இன்று பேராசிரியர் அன்பழகன் பெயர் தாங்கும் வளாகத்திலே உருவாகி 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலிலே அந்தப் பாடம் இடம்பெற்றது. அதனைக் காப்பது மதிப்பெண் சிக்கலன்று, மானச் சிக்கல்.

ஏன் என்கிறீர்களா? மயிலையிலே சோதிடர் சொல்கிறார்: சூரியனுக்கு மாணிக்கம் அணி, சனிக்கு நீலம் அணி, இரண்டையும் சேர்த்து அணியாதே, பகை! தியாகராய நகரிலே கடைக்காரர் இரண்டையும் விற்கிறார், விலை சொல்லி மாளாது. அட்டவணை அறிந்த பிள்ளை என்ன சொல்லும்? மாணிக்கமும் அலுமினியம் ஆக்சைடு. நீலமும் அலுமினியம் ஆக்சைடு. முன்னதிலே துளி குரோமியம் கலந்திருக்கிறது, சிவக்கிறது. பின்னதிலே துளி இரும்பும் டைட்டானியமும் கலந்திருக்கின்றன, நீலமாகிறது. சூரியனும் சனியும் பகைவராம். அவர்தம் கற்களோ ஒரே பொருளின் இரு நிறங்கள்! இதனைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஞானக்கண் வேண்டாம். பாடநூலின் இரண்டு பக்கங்கள் போதும். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டால், மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தந்தையைத் தடுக்க அவ்வீட்டிலே ஒருவரும் இருக்கமாட்டார்.

அடையாற்று ஆலமரம் இன்றும் நிழல் தருகிறது. போய் அமர்ந்து வாருங்கள். அங்கே வீசும் காற்றிலே என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்லுங்கள்: நைட்ரஜன், நூற்றுக்கு 78 பங்கு, ஆக்சிஜன், 21 பங்கு, ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான், எஞ்சிய சிறு அளவிலே கரியமில வாயு, நியான், ஹீலியம் முதலியன. அளந்து கண்டவை, எவரும் அளக்கலாம். அடையாறியம் மட்டும் அங்கே இல்லை.